எட்டாவது ஆணி

எதைக் கொடுத்தாலும் அவர் முதலில் கேட்பது, கொடுக்காத இன்னொன்றைத்தான். குழாயை நீட்டினால் அது போய்ச் சேரும் வால்வு எங்கே என்பார். நட்டை நீட்டினால் போல்ட்டு. "இது சரிங்க. அக்கட்டாலது எங்கீங்க?" கொங்குப் பேச்சில் அக்கட்டால என்றால் அந்தப் பக்கம். ஒரு நாளைக்கு அந்தச் சொல் அவர் வாயில் எத்தனை முறை வருகிறது என்று ஒருதரம் எண்ணத் தொடங்கினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

சூலூரைத் தாண்டி இருந்த ஒரு பம்புக் கம்பெனியில் டெஸ்டிங் மேசை அவர் பொறுப்பு. நான் அங்கே கையேடு எழுதுகிறவன். பம்பை எப்படி மாட்டுவது, எப்படி ஓட்டுவது, ஓடாவிட்டால் எந்த நம்பருக்குப் பேசித் திட்டுவது என்று மூன்று மொழிகளில் எழுத வேண்டும். இலக்கிய வகைகளிலேயே வாசகர் என்று ஒருவர்கூட இல்லாத வகை அது. பம்பு கெட்ட பிறகு ஒன்றிரண்டு பேர் புரட்டுவார்கள், அதுவும் குற்றம் கண்டுபிடிக்க. நான் எழுதியதை அச்சாகும் முன்பு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே ஆள் அவர்தான். படித்ததோடு நிற்கவில்லை. 'கசிவு இருந்தால் டேப் சுற்றவும்' என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

கோயமுத்தூர்க்காரனுக்குத் தாய்ப்பாலுக்கு அடுத்தபடி நம்பிக்கை வெள்ளை டேப்பில். நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஏனுங்கம்மணி, ஊரே டேப்புலதான் நிக்குது."

"மரை ஏறுறது வேறங்க, உக்கோர்றது வேற. நாலு சுத்து ஏறிப்போட்டு இறுகிக்கும். இறுகுனத உக்கோந்துடுச்சுன்னு நெனச்சு டேப்பு சுத்துவீங்க. அதுல தண்ணி ஏமாறாது. ஏமாறுறது நீங்க ஒருத்தருதானுங்க."

அந்த வருடம்தான் நான் வீடு கட்டி முடித்திருந்தேன். குளியலறைக்கு நானே தேர்ந்தெடுத்து வாங்கிய குழாய் ஒன்பது மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது, டேப்போடு. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர். புடவைமேல் காக்கிச் சட்டை, சட்டைப் பையில் திருகு மரையின் பல்லை அளக்கும் கேஜ். விசிறி மாதிரி விரியும் சிறிய இரும்புத் தகடுகள் அவை. கோயிலுக்குப் போகும்போது அதை எடுத்து வைத்துவிட்டுப் போவாரா என்று எங்களுக்குள் ஒரு பந்தயம் இருந்தது. சென்னிமலைக்குக் கம்பெனியோடு போனபோது கேஜும் கூட வந்தது, பந்தயத்தில் நான் தோற்றேன்.

வீடு நொய்யல் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில். கணவருக்கு நாலு தறி. தினமும் சாயங்காலம் கம்பெனிக் குழாயில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை நிரப்பி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவார். அவர்கள் வீட்டுக் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. வாளியைக் கவிழ்த்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் விளிம்பில் வெள்ளையாக உப்புக் கோடு விழும். மேலே சாயப்பட்டறைகளிலிருந்து ஆற்றில் வந்தது கிணற்றுக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான் கதை. அந்தப் பக்கத்து ஊர்களில் அது கதைகூட இல்லை.

ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள். அவரும் உட்கார்ந்தார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கேன் கிணற்றுத் தண்ணீரும் அரைப்படி துவரம்பருப்புமாக, மேலே பட்டறை வைத்திருந்த ஒருவர் வீட்டுக்குத் தனியாகப் போயிருக்கிறார். வீட்டுக்காரர் இல்லை, அந்தம்மாள்தான் இருந்தார். "இதைக் கொஞ்சம் வேக வெச்சுக் குடுங்க, அக்கா" என்றாராம். அந்தம்மாளும் ஒன்றும் கேட்காமல் அடுப்பில் வைத்திருக்கிறார். இரண்டு பெண்களும் ஒன்றரை மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பருப்பு வேகவில்லை. பிறகு தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு இவர் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"அப்புறம் என்ன ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

"என்ன ஆகும். ஒண்ணும் ஆகலீங்க."

"அப்புறம் எதுக்குப் போனீங்க?"

"கடுதாசில எழுதுனா அவிங்க கடுதாசியத்தான பாப்பாங்க. பருப்பப் பாக்கோணுமில்லீங்களா."

ஒரு வாய்ச்சண்டையைக்கூட அவர் ஒரு பக்கமாகக் கேட்கமாட்டார். கேண்டீனில் இரண்டு பிட்டர்கள் ஒரு ஸ்பேனருக்காகப் பேச்சை நிறுத்தி மாதக்கணக்கானபோது, முதலாமவன் வந்து புகார் சொல்லத் தொடங்கினான். "செத்த இருங்க" என்று எழுந்து போய் இரண்டாமவனைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து எதிரில் உட்காரவைத்தார். "இப்பச் சொல்லுங்க." அவனால் சொல்ல முடியவில்லை. எதிரில் ஆள் இருந்தால் பாதிப் புகார் தொண்டையிலேயே நின்றுவிடும் போலிருக்கிறது. நான் என் மனைவியைப் பற்றி அவரிடம் ஒருநாளும் புலம்பாததற்கு அதுதான் காரணம்.

இப்படிப்பட்ட ஒருவர் கைக்குத்தான் அந்த ஆர்டர் வந்து சேர்ந்தது.

எட்டு நாடுகள் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒரு கடல். வெளிக்கடலுக்குப் போக ஒரே ஒரு குறுகிய வாய். உலகத்தின் எண்ணெய்க் கப்பல்களில் பெரும்பங்கு அந்த வாய்க்குள் நுழைந்து திரும்புகிறது. எண்ணெய் சிந்தினால் அது யாருடைய கரைக்குப் போகும் என்று காற்றுதான் முடிவு செய்யும். அதனால் எட்டுப் பேரும் சேர்ந்து ஓர் அலுவலகம் வைத்திருந்தார்கள். எண்ணெயை உறிஞ்சும் பம்புகளும் ஹோஸ்களும் ஒரு பொதுக் கிடங்கில் இருக்க வேண்டும். யார் கரையில் சிந்தினாலும் மற்றவர்கள் தங்கள் சாமானோடு வந்து உதவ வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் எட்டுப் பேரும் எட்டு இடங்களில் சாமான் வாங்கியிருந்தார்கள். ஒருத்தர் ஹோஸ் இன்னொருத்தர் பம்பில் மாட்டாது. நடுவில் போடும் இணைப்புத் துண்டுகளை, ஒரு பக்கம் பொதுவான வாய், மறுபக்கம் அந்தந்த நாட்டின் மரை என்று, எட்டு வகை செய்து தரவேண்டும். பம்புகளோடு சேர்த்து அந்த வேலை எங்களுக்கு வந்தது.

அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்தார். முன்பு கப்பல் கேப்டனாக இருந்தவர், நரைத்த தாடி, எங்கள் வெயிலையே குளிர் என்றார். அவருக்கும் டெஸ்டிங் மேசைக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நான் நின்றேன். கேப்டன் என் ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் கடலை வரைந்தார். படுக்கவைத்த சொம்பு மாதிரி இருந்தது.

"வாய் ஒண்ணுதானுங்களா?" என்றார் அவர்.

ஒன்றுதான் என்றார் கேப்டன். உள்ளே இருக்கும் தண்ணீர் மாறிப் புதிதாக வருடக்கணக்கில் ஆகும்.

"அப்ப இது கடலில்லீங்க. குட்டை."

நான் இதை நாசூக்காக மொழிபெயர்க்கப் பார்த்தேன். கேப்டனுக்கு அப்படியே புரிந்துவிட்டது, சிரித்தார். சிரித்துவிட்டு, பயிரும் ஆறும் அரிதான அந்தக் கரைகளில் மக்கள் குடிக்கும் தண்ணீரும் அதுதான் என்றார். கடலை உறிஞ்சி, உப்பெடுத்துக் குழாயில் விடுகிறார்கள். எண்ணெய் மிதந்து வந்தால் முதலில் நிறுத்த வேண்டியது அந்த ஆலைகளைத்தான்.

அவர் கையிலிருந்த கேஜை மடக்கினார். "குடிக்கிற தண்ணியா" என்றார். கேள்வி மாதிரி இல்லை. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

எனக்குக் கேப்டனிடம் ஒரே ஒரு தொழில்முறைக் கேள்விதான் இருந்தது. கையேட்டின் அட்டையில் அந்தக் கடலின் பெயரை என்னவென்று போடுவது? கேப்டன் கண்ணை மூடித் திறந்தார். பெயரே வேண்டாம், 'கடல் பகுதி' என்று மட்டும் போடுங்கள் என்றார். எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு பெயர் அமையவில்லை. பெயரை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டோம், அப்படித்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்தே விழுந்தது என்றார்.

"அதுவும் நல்லதுங்க" என்றார் அவர். "பேரு வெச்சா பங்கு கேப்பாங்க."

பிறகு தன் வழக்கமான கேள்விக்கு வந்தார். எட்டு நாட்டு மரையும் அவர் கைக்கு வேண்டும். கேப்டன் வரைபடங்கள் கொண்டுவந்திருந்தார், அழகான வரைபடங்கள். அவர் அவற்றை மரியாதையாகப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "காயிதம் வேண்டாமுங்க. அக்கட்டாலதையே அனுப்பச் சொல்லுங்க. ஓடுற ஹோஸ்ல இருந்து கழட்டுனது. புதுசு வேண்டாம்."

டெஸ்டிங் மேசைக்குப் பின்னால் சுவரில் எட்டு ஆணி அடித்தார்.

வந்தன. ஒரு நாடு வெல்வெட் பெட்டியில் வைத்துச் சான்றிதழோடு அனுப்பியது. ஒன்று எண்ணெய்ப் பிசுக்கோடு, உள்ளே ஒரு சின்னச் சிப்பி ஒட்டிக்கொண்டு வந்தது. அவருக்குப் பிடித்தது அதுதான். ஒவ்வொன்றையும் துடைத்து, அளந்து, இணைப்புத் துண்டை மாட்டிப் பார்த்து, தண்ணீர் ஏற்றி, பிறகு ஆணியில் மாட்டினார். ஏழு ஆணி நிறைந்தது.

எட்டாவது வரவில்லை. கேப்டனுக்கு எழுதினேன். பதில் சுருக்கமாக வந்தது. ஏழு பேரில் ஒருவரோடு எட்டாவது நாட்டுக்காரர்களுக்குப் பேச்சு இல்லை. அவன் சாமான் தொங்கும் சுவரில் எங்கள் சாமான் எதற்குத் தொங்க வேண்டும் என்கிறார்கள். வரைபடம் மட்டும் தந்திருக்கிறார்கள், இணைத்திருக்கிறேன்.

வரைபடத்தில் 'இரண்டு அங்குலம், குழாய் மரை' என்று இருந்தது. எந்த வகை மரை என்று இல்லை. உலகத்தில் குழாய் மரை இரண்டு வகை. நம் ஊரில் புழங்குவதில் ஓர் அங்குலத்துக்குப் பதினொரு பல். இன்னொன்றில் பதினொன்றரை. நான் யோசிக்கக்கூட இல்லை. பிறந்தது முதல் பார்த்த மரை அதுதானே. நம் வகையின் பெயரை ஆர்டர் தாளில் டைப் செய்து லேத்துக்கு அனுப்பினேன். அரைப் பல். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் எதுவும் இந்த அளவுக்கு வெளிநாடுகளைப் பாதித்ததில்லை.

கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை லாரி கொச்சிக்குக் கிளம்ப வேண்டும். புதன்கிழமை அவர் ஏழு வகைக்குக் கையெழுத்துப் போட்டார், எட்டாவதைத் தள்ளி வைத்தார். முதலாளி இறங்கி வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார்.

"ஏனுங்கம்மணி, என்னாச்சு?"

"அக்கட்டால பாக்கலீங்க."

"டிராயிங் இருக்குதில்லீங்களா."

"அது காயிதமுங்க. ஏழு இப்பப் போகட்டும். எட்டாவது அவிங்க அனுப்புன பொறகு நானே செஞ்சு குடுக்கறனுங்க."

முதலாளி கேப்டனின் கடிதத்தைக் காட்டினார். எட்டுப் பேருக்கும் ஒரே நாளில், ஒரே கப்பலில் போக வேண்டும் என்பது ஆர்டரிலேயே இருந்த நிபந்தனை. யாருக்கும் முந்தி இல்லை, யாருக்கும் பிந்தி இல்லை. ஏழு பெட்டி போய் இறங்கினால், எட்டாவது ஆள் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஒப்பந்தத்திலிருந்தே எழுந்து போய்விடலாம். ஏற்கெனவே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிற ஆள்.

அவர் அந்தக் காலி ஆணியைப் பார்த்தார். பிறகு டெஸ்ட் சர்ட்டிபிகேட்டின் வரைவை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு வரி எழுதினார். 'எட்டாவது வகை: எதிர்முனை பார்க்கப்படவில்லை. மாட்டிப் பார்த்த பிறகே பயன்படுத்தவும்.'

"இது கூடப் போகோணுமுங்க" என்று என்னிடம் கொடுத்தார்.

அதைச் சுத்தமாக டைப் செய்வது என் வேலை. வியாழக்கிழமை மாலை டைப் செய்தேன். அந்த வரிக்கு வந்ததும் கை நின்றது. இந்த வரியோடு பெட்டி போனால் கேள்வி வரும், கேள்வி வந்தால் அந்த மரை வகையை யார் எழுதியது என்று தேடுவார்கள். முதலாளி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று எனக்கு எவ்வளவு வசதி. நானாகவேதான் அந்த வரியை விட்டுவிட்டேன். தாள் பார்க்க நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அவர் மேசையில் வழக்கம்போல ஒரு நகலை வைத்தேன். பத்து மணிக்கு லாரி கிளம்பியது.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நான் அந்த வரியை மறந்தேபோனேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறந்துதான் போனேன்.

பிறகு கேப்டனிடமிருந்து நீண்ட மின்னஞ்சல் ஒன்று வந்தது. ஒரு நாட்டின் கரையருகே எண்ணெய் ஏற்றிய படகு ஒன்று தரை தட்டிச் சிந்திவிட்டது. பக்கத்தில் இருந்தது எட்டாவது நாட்டின் மீட்புப் படகுதான். சிந்தியது அவர்களோடு பேச்சில்லாத அந்த நாட்டின் கரை. இருந்தாலும் கூப்பிட்டார்கள், இருந்தாலும் வந்தார்கள். இப்படி ஒன்று நடந்தது அதுவே முதல் தடவை என்று கேப்டன் எழுதியிருந்தார். கரைக்காரர்கள் பம்பில் உதவ வந்தவர்கள் ஹோஸை, எங்கள் கம்பெனி இணைப்புத் துண்டை வைத்துத் திருகினார்கள். நாலு சுற்று ஏறியது. இறுகியது. உட்காரவில்லை. பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சியது. துணி சுற்றினார்கள், டேப் சுற்றினார்கள். வேறு ஹோஸ் வருவதற்குள் எண்ணெய் தண்ணீர் ஆலையின் வாய்வரை போய்விட்டது. ஆலையை மூட வேண்டியதாயிற்று. ஊருக்கு லாரியில் தண்ணீர் கொடுத்தார்கள்.

எண்ணெயை எப்படியோ எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய சிக்கல். வேண்டுமென்றே உதவாத சாமானைக் கொண்டுவந்தார்கள் என்றார்கள் கரைக்காரர்கள். வேண்டுமென்றே பம்பைக் கெடுத்து எங்களை அவமானப்படுத்தினார்கள் என்றார்கள் உதவ வந்தவர்கள். எட்டாவது நாடு தன் பங்குச் சாமானைப் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளப் போவதாக எழுதிவிட்டது. ஒன்று போனால் அடுத்ததும் போகும். அடுத்த மாதக் கூட்டத்தோடு கிடங்கையே மூடவேண்டி வரலாம் என்று முடித்திருந்தார் கேப்டன்.

முதலாளி படித்தார். "சண்டை அவிங்க ரெண்டு பேருக்கும். நம்மளை ஒண்ணும் கேக்கலையே?" என்றார். கேட்கவில்லை என்றேன். "அப்ப நாம வாயத் தொறக்க வேண்டாம். நம்ம தப்புன்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் ஒரு போல்ட்டுகூட விக்க முடியாது. நூத்தம்பது பேரு வேலை செய்யற எடமுங்க இது." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

நான் மின்னஞ்சலை டெஸ்டிங் மேசைக்கு எடுத்துப் போய்த் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் ஆலையை மூடிய இடத்தில் மட்டும், "எத்தன நாளைக்கு?" என்றார். போடவில்லை என்றேன். நான் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயம் என் வாய்வரை வந்தது. அதுவும் நாலு சுற்று ஏறி இறுகிக்கொண்டது.

மறுநாள் அவர் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். "இத இங்கிலீஷ்ல எழுதிக் கேப்டனுக்கு அனுப்புங்க" என்றார்.

அதில் இருந்தது இதுதான்: 'ஐயா, எட்டாவது வகையின் எதிர்முனையை நாங்கள் பார்க்கவில்லை. பார்க்காமல் செய்தது தெரிந்தும் நான் அதைப் போகவிட்டேன். திருகியவர்கள்மேல் தப்பில்லை. ஹோஸைப் பிடித்திருந்தவர்கள்மேலும் தப்பில்லை. இரண்டு பேரும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். கூட்டத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே இருக்கும்போது இதைப் படித்துக் காட்டவும்.' கீழே அவர் பெயர். அவர் பெயர் மட்டும்.

"முதலாளிக்குத் தெரியுமுங்களா?"

"அனுப்புன பொறகு நானே சொல்லிக்கறேன்."

"வேலைக்கு ஆபத்துங்கம்மணி."

"ஆமாங்க" என்றார்.

'தெரிந்தும் நான் அதைப் போகவிட்டேன்' என்ற இடத்தில் நான் நின்றேன். அவர் போகவிடவில்லை, தடுத்து எழுதியிருந்தார். அதை எடுத்தவன் நான். அந்த ஒரு வாக்கியத்தை மாற்றி என் பெயரைச் சேர்த்திருக்கலாம். அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கல்லூரியில் படிக்கும் மகள், வீட்டுக் கடன், சொட்டுகிற குழாய். வார்த்தைக்கு வார்த்தை துல்லியமாக மொழிபெயர்த்தேன். என் பிழைப்பில் அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு நான் செய்ததில்லை.

மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டார். விடவைத்தார்கள் என்பது சரியான தமிழ். முதலாளி தானே பஸ் நிறுத்தம்வரை காரில் கொண்டுபோய் விட்டார், இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்று டிரைவர் சொன்னார். மடியில் ஐந்து லிட்டர் கேன் இருந்ததாம்.

கூட்டத்தில் கடிதத்தைப் படித்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கிடங்கு மூடப்படவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கம்பெனிக்கு ஒரு பார்சல் வந்தது. எட்டாவது நாட்டிலிருந்து. உள்ளே, ஓடுகிற ஹோஸின் முனையிலிருந்து கழற்றிய கப்ளிங் ஒன்று, கறுப்புப் பிசுக்கோடு. மேலே ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் ஒரே வரி: 'எதிர்முனை கேட்ட அம்மையாருக்கு.'

முதலாளி அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "நீங்களே போய்க் குடுத்துட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே வாசலுக்கு வந்தார். "வாங்க, வாங்க. உக்கோருங்க." காக்கிச் சட்டை இல்லாமல் வேறு யாரோ மாதிரி இருந்தார். கப்ளிங்கை எடுத்துக் கொடுத்தேன். சீட்டைப் படித்துச் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கேஜைக் கொண்டுவந்தார். பல்லில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "பதினொண்ணரை" என்றார்.

காப்பி வந்தது. நான் அதைக் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த வரியை எடுத்தது நான்தான், முதலாளி இல்லை, அந்த மரை வகையை எழுதியதும் நான்தான்.

"தெரியுமுங்க."

"எப்பத் தெரியும்?"

"நகல மேசையில வெச்சீங்கல்ல. அன்னைக்கே."

தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கப்ளிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பத்தேகாலுக்குப் பாத்தனுங்க. லாரி போத்தனூர்கூடத் தாண்டியிருக்காது. டிரைவர் நம்பரு என்கிட்ட இருந்துச்சு. போனைக் கையில எடுத்துட்டேன்." துணியை மடித்தார். "எட்டும் ஒண்ணாப் போகட்டும்னு நெனச்சனுங்க. நாமளே ஒருத்தரத் தனியா நிறுத்திப்போட்டா, அப்பறம் எங்க ஒண்ணு சேர்றதுன்னு. போனை வெச்சுட்டேன். தண்ணி குடிக்கிற எடம்னு தெரிஞ்சே வெச்சேன்."

நான் காப்பியை எடுத்து மறுபடி கீழே வைத்தேன்.

"கடுதாசில நான் எழுதுனது பொய்யில்லீங்க. உங்களுக்கோசரம் எழுதுனதுன்னு நெனச்சுட்டு இருந்திருப்பீங்க. காப்பி ஆறுதுங்க."

குடித்தேன். கேன் தண்ணீர்க் காப்பி இல்லை. இப்போது தெருமுனையில் லாரித் தண்ணீர் வருகிறது என்றார்.

கப்ளிங்கை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். தெரிந்தவர் லேத்தில் அவரே நின்று புது இணைப்புத் துண்டு ஒன்றைக் கடைந்திருந்தார், பதினொன்றரைப் பல். அதை அந்தக் கப்ளிங்கில் மாட்டி, டேப் இல்லாமல், தன் கிணற்று மோட்டார்க் குழாயின் நடுவில் பொருத்தி மூன்று நாள் ஓட விட்டிருந்தார். தண்ணீர் தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்றும் முளைக்காத மண்ணில் போய்க்கொண்டிருந்தது.

"எதுக்குங்க மூணு நாளு?"

"நல்ல தண்ணி கசிஞ்சா காஞ்சு போயிரும், தெரியாது. இது உப்பு. ஒரு சொட்டுக் கசிஞ்சாலும் வெள்ளையாக் காட்டிக் குடுத்துரும்." மோட்டாரை நிறுத்தினார். "குனிஞ்சு பாருங்க. நான் பாத்தாச்சு. இன்னொருத்தர் பாக்கோணும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தேன். மரையோரத்தில் எங்கும் வெள்ளை இல்லை. அவர் குழாயின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை இரண்டையும் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். புதுத் துண்டை முதலாளி மேசையில் வைத்தேன். அதைப் பார்த்து அதேபோல ஒரு பெட்டி நிறையச் செய்யச் சொல்லி லேத்துக்கு அனுப்பினார். கூட அனுப்பவேண்டிய சர்ட்டிபிகேட்டை நான் டைப் செய்தேன். 'எதிர்முனை பார்க்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே அவர் பெயரையும், குனிந்து பார்த்தவன் என்று என் பெயரையும் போட்டேன். பழைய சர்ட்டிபிகேட்டில் விட்டுப்போன வரியையும், அதை விட்டது யார் என்பதையும் ஒரு தனித் தாளில் எழுதி அதோடு சேர்த்துத் தைத்தேன்.

பிறகு கப்ளிங்கை மாட்ட டெஸ்டிங் மேசைக்குப் போனேன். எட்டாவது ஆணியில் ஒரு சாப்பாட்டுப் பை தொங்கியது. அவர் போன பிறகு அந்த ஆணி சும்மாதானே இருக்கிறது என்று யாரோ மாட்டத் தொடங்கியிருந்தார்கள். என்னுடைய பைதான் அது. எடுத்துக் கீழே வைத்தேன்.